நிழலுக்கு ஆகும் செலவு

2020 ஓகஸ்ட் 18ஆம் திகதி 'ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்' என்ற கேம் வெளியானது. செய்தவர்கள் இந்தியாவின் புனே நகரத்து நோடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்ற சிறு நிறுவனத்தார். கதை இந்தியக் கதை. கோட்டைகளில் ராஜஸ்தான் சாயல். கதாநாயகிக்கு ஆயுதம் கொடுப்பவள் துர்க்கை. ஆனால் முதலில் அது வந்தது நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கைக்கருவிக்கு மட்டும். அந்தக் கருவியை நின்டெண்டோ அப்போது இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்கவே இல்லை. வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்த கருவி வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள். மற்ற இந்தியர்கள் ஒக்டோபர் 15 வரை வாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. அன்றுதான் அது கணினிக்கும் பிளேஸ்டேஷன், எக்ஸ்பொக்ஸ் கருவிகளுக்கும் வந்துசேர்ந்தது.

ராஜி, ஊர் ஊராகப் போய் வித்தை காட்டும் கூட்டத்துப் பெண்பிள்ளை. தாய் தகப்பன் இல்லை; கோலு என்றொரு தம்பி மட்டும். ரக்ஷாபந்தன் நாளில் அசுரப் படை ஒன்று ஊருக்குள் புகுந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகிறது. கோலுவும் அதில் போய்விடுகிறான். அசுரர் தலைவன் பெயர் மகாபலாசுரன். துர்க்கை கொடுத்த திரிசூலத்துடன் ராஜி தம்பியைத் தேடிப் போகிறாள். துர்க்கையும் விஷ்ணுவும் மேலே இருந்து அவளைப் பார்த்துத் தங்களுக்குள் கதைத்துக்கொள்வதுதான் கதைசொல்லல். கடைகளில் 'டார்க் ஃபேன்டசி' என்று சீட்டு ஒட்டி விற்கும் கேம்களோடு ஒப்பிட்டால் இதில் வண்ணம் கூட. ஆனாலும் பிள்ளை பிடிக்கும் பேயும் பாழடைந்த கோட்டையும் தனியே போகும் சிறுமியும் அந்த வகையின் சரக்குத்தான்.

ஒளியைப் பற்றிய இந்த நூலில் இந்தக் கேமுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கியதற்குக் காரணம் கதையல்ல, நிழல். திரையில் ஒரு நிழல் விழ வேண்டுமென்றால் அதை யாரோ கணக்குப் போட்டுத்தான் விழுத்த வேண்டும். அந்தக் கணக்குக்கு நேரம் வேண்டும், நல்ல கருவி வேண்டும், ஆள் வேண்டும்; சுருக்கமாகச் சொன்னால் பணம் வேண்டும். ராஜியைச் செய்தவர்களிடம் அது இருக்கவில்லை. அந்தத் தட்டுப்பாட்டில் எடுத்த முடிவுகளே அந்தக் கேமை அழகாக்கின, அதே முடிவுகளே அதற்குத் திட்டும் வாங்கிக்கொடுத்தன என்பது என் கட்சி.

முதலில் உண்மையான நிழல். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளாக இருந்தவர்கள் நிழலின் இயற்பியலைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் அல்லர். மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் கிடைப்பதே பெரும்பாடு. உடுவிலில் எங்கள் வீட்டிலும் எல்லா வீடுகளையும் போல ஜாம் போத்தல் விளக்குத்தான். போத்தலின் அடியில் பஞ்சு, பஞ்சு நனையும் அளவு எண்ணெய், கம்பியில் நிமிர்ந்து நிற்கும் ஒரு திரி. படிப்பதற்குப் போதாத அந்த வெளிச்சம் நிழல் விளையாட்டுக்கு ஒப்பற்றது. சுடர் சின்னது, வேறு வெளிச்சம் எதுவுமில்லை, சுவர் வெள்ளை. விரலால் மானும் நாயும் செய்யாத பிள்ளை இல்லை.

அந்த விளக்கை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுடரின் அகலம் 1 சென்ரிமீற்றர் என்று கொள்ளுங்கள். அதிலிருந்து 1 மீற்றர் தள்ளி ஒரு வெள்ளைத் துணி. துணியிலிருந்து 10 சென்ரிமீற்றர் முன்னே ஓர் அட்டை உருவத்தைப் பிடித்தால் அதன் நிழல் அசலைவிடச் சற்றே பெரிதாக, 1.1 மடங்காக விழும். விளிம்பில் மங்கல் இருக்கும், ஆனால் 1 மில்லிமீற்றர் சொச்சம்தான்; கண்ணுக்குக் கூராகவே தெரியும். அதே உருவத்தைச் சுடருக்கும் துணிக்கும் நடுவே கொண்டுவாருங்கள். நிழல் இரண்டு மடங்கு பெரிதாகும். விளிம்பின் மங்கல் 1 சென்ரிமீற்றர் ஆகிவிடும். சுடர் ஒரு புள்ளியாக இருந்தால் மங்கலே வராது. சுடருக்கு அகலம் இருப்பதால்தான் விளிம்பில் ஓர் இடத்திலிருந்து பார்த்தால் பாதிச் சுடர் தெரியும், பாதி மறையும். அந்தப் பாதி வெளிச்சம்தான் மங்கல்.

சூரியனுக்கும் இதே கணக்கு. ஆகாயத்தில் அது ஏறக்குறைய அரைப் பாகை அகலம். ஆகவே நிழல் விழுத்தும் பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அதில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு விளிம்பு மங்கும். உடுவில் ஆலடிப் பக்கம் காலை வெயிலில் நடந்தால் வேலிக் கதிகாலின் நிழல் தெருவில் கத்தியால் வெட்டியது போலக் கிடக்கும். அதே வளவில் நிற்கும் பனையின் வட்டு நிழலைத் தேடுங்கள். ஓலை ஓலையாகத் தெரியாது. ஒரு சாம்பல் கறை மட்டும் தெரியும். வட்டிலிருந்து வெளிச்சம் 25 மீற்றர் சரிந்து வருகிறதென்றால் விளிம்பின் மங்கல் ஒரு சாண் ஆகிவிடும். ஓலையின் மடிப்புகள் அதைவிடச் சின்னவை.

தோற்பாவைக் கூத்துக்காரர் இந்தக் கணக்கைக் கையால் போடுபவர்கள். உருவத்தைத் துணியோடு ஒட்டிப் பிடித்தால் கூரான நிழல். விளக்கை நோக்கி இழுத்தால் அரக்கன் பூதாகாரமாக வளர்வான். கேரளத்துக் கூத்துமாடங்களில் வரிசையாக 21 விளக்கு ஏற்றுவார்கள். அங்கே உருவங்கள் ஒளி புகாதவை. வெட்டிய ஓட்டைகள் வழியாகத்தான் நகையும் உடையும் தெரியும். தமிழ்நாட்டுப் பாவைகளும் ஆந்திரத்துப் பாவைகளும் வேறு மாதிரி. தோலைச் சுரண்டி மெல்லிசாக்கிச் சாயம் பூசுவார்கள். வெளிச்சம் தோலுக்குள்ளாலேயே வரும், நிழலே வண்ணமாக விழும். பாலித் தீவில் வயாங் கூத்துக்குத் தேங்காய் எண்ணெய் விளக்கு. சுடர் ஆட ஆட உருவங்கள் மூச்சு விடுவது போல இருக்கும்.

ராஜியைச் செய்தவர்கள் இந்திய, பாலித் தொன்மங்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டவர்கள். கதையின் திருப்பங்களைச் சொல்லும் காட்சிகளை அவர்கள் பாவைக்கூத்தாகவே அமைத்தார்கள். திரை வெளுக்கிறது, கறுத்த உருவங்கள் மூட்டுகளில் மட்டும் அசைகின்றன, குரல் கதை சொல்கிறது. எனக்குத் தெரிந்து கேமில் இதுதான் மிகப் பாராட்டப்பட்ட பகுதிகளுள் ஒன்று. பண்பாட்டுப் பெருமை என்று இதை விளக்கிவிட்டுப் போகலாம், பலர் அப்படித்தான் எழுதினார்கள். கணக்குப் பிள்ளையின் கண்ணால் பார்த்தால் வேறொன்றும் தெரியும்.

கேமில் ஒரு பாத்திரத்தின் முகத்தைக் கிட்டக் காட்டிப் பேச வைப்பது போலச் செலவு பிடித்த வேலை வேறில்லை. உதடு சொல்லோடு சேர வேண்டும். கன்னம் இழுபட வேண்டும். கண்ணிமை சரியான கணத்தில் கொட்ட வேண்டும். பெரிய நிறுவனங்கள் நடிகர் முகத்தில் கமெரா பொருத்தி அசைவுகளைப் பதிவுசெய்கின்றன. பிறகும் மாதக்கணக்கில் திருத்துகின்றன. அரைகுறையாகச் செய்தால் செய்யாமல் விட்டதைவிட மோசம். 1970இல் யப்பானிய ரோபோப் பொறியியலாளர் மசாஹிரோ மோரி சொன்னது இது: மனித உருவுக்குக் கிட்டக் கிட்ட வரும்போது நமக்குப் பிடிப்புக் கூடிக்கொண்டே போகும், ஆனால் ஏறக்குறைய மனிதன், முழு மனிதன் அல்ல என்ற இடத்தில் அது சட்டென்று அருவருப்பாக விழும். பிணத்தைப் பார்ப்பது போல. பாவை அந்தக் குழிக்குள் விழவே விழாது. அதன் வாய் அசையாததை யாரும் குறையாகச் சொல்வதில்லை. மனிதனாக நடிக்க அது முயல்வதே இல்லையே.

ஆகவே சுவரில் விழும் நிழலைக் காட்டியதால் அவர்களுக்கு மிச்சம் பிடித்தது ஒரு முகப்பதிவுக் கூடத்தின் செலவு.

இனி, திரைக்குள் நிழல் எப்படி விழுகிறது என்பது. உங்கள் அறையில் நிழல் தானாக விழும், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். கணினிக்குள் எதுவும் தானாக நடப்பதில்லை. திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இந்த இடத்துக்கும் விளக்குக்கும் நடுவே ஏதாவது நிற்கிறதா? நின்றால் இருட்டு, இல்லாவிட்டால் வெளிச்சம். இதை வேகமாகக் கேட்க 1978இல் லான்ஸ் வில்லியம்ஸ் ஒரு வழி கண்டுபிடித்தார். இன்றைக்கும் பெரும்பாலான கேம்களில் ஓடுவது அதன் பேரப்பிள்ளைகள்தாம். முதலில் கமெராவை விளக்கு இருக்கும் இடத்தில் வைத்து ஒரு படம் எடு. வண்ணம் வேண்டாம், ஒவ்வொரு புள்ளியிலும் விளக்கிலிருந்து முதலில் எதிர்ப்படும் பொருள் எவ்வளவு தூரம் என்று மட்டும் குறித்துக்கொள். பிறகு உண்மையான கமெராவுக்கு வா. தரையில் ஓர் இடத்தைப் பார்க்கிறாய். அது விளக்கிலிருந்து எவ்வளவு தூரம் என்று கணக்கிடு. குறிப்பில் உள்ள தூரம் அதைவிடக் குறைவென்றால் நடுவே ஏதோ நிற்கிறது, அந்த இடம் நிழல். விளக்குக்குத் தெரியாத இடமே நிழல் என்ற ஒரு வரி எண்ணம்தான்.

ஒரு வரி எண்ணம்தான், ஆனால் படுத்தும் பாடு பெரிது. விளக்கிலிருந்து எடுத்த படம் 1024க்கு 1024 புள்ளி என்றும், அது 50 மீற்றர் சதுரமான ஒரு கோட்டை முற்றத்தை மூடுகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புள்ளிக்கு ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் தரை. ராஜியின் விரலுக்கு இந்த நிழற்படத்தில் இடமே கிடையாது. நிழலின் விளிம்பு படிக்கட்டு போல முறியும். தூரங்கள் மயிரிழையில் பிசகினால் தரை தன்மேல் தானே நிழல் விழுத்திக்கொண்டு புள்ளி புள்ளியாகச் சொறி பிடித்தது போலத் தெரியும். அதைத் தவிர்க்கத் தூரத்தைச் சற்றுக் கூட்டி வைத்தால் நிழல் பாத்திரத்தின் காலை விட்டு விலகி, ஆள் அந்தரத்தில் மிதப்பது போல ஆகிவிடும். எந்தக் கேமிலும் நாயகனின் குதிக்காலைக் கூர்ந்து பாருங்கள். செய்தவர்கள் எவ்வளவு பாடுபட்டார்கள் என்று அங்கே தெரியும். பனை நிழலில் பார்த்த மங்கலைக் கொண்டுவருவது இன்னொரு கணக்கு.

இதற்கெல்லாம் கிடைக்கும் நேரம் எவ்வளவு? நொடிக்கு 30 படம் என்றால் ஒரு படத்துக்கு 33 மில்லிசெக்கன். ஸ்விட்சைக் கையில் வைத்து ஆடும்போது திரை 1280க்கு 720, அதாவது 921,600 புள்ளி. நொடிக்கு ஏறக்குறைய 2 கோடி 76 லட்சம் முறை ஒரு புள்ளிக்கு என்ன நிறம் என்று முடிவுசெய்ய வேண்டும். நிழல் அதில் ஒரு பங்கு மட்டுமே. அசுரர்களின் மூளை, திரிசூலத்தின் வீச்சு, உடைந்து விழும் தூண், சத்தம் எல்லாம் அதே 33 மில்லிசெக்கனுக்குள். 2017இல் வந்த ஒரு கைக்கருவிக்கு இது இலேசான சுமை அல்ல.

எல்லாக் கேம்காரரும் பிடிக்கும் குறுக்குவழி ஒன்று இருக்கிறது. அசையாதவற்றின் நிழலை முன்கூட்டியே, கேம் ஓடாதபோது, மணிக்கணக்கில் கணினியை ஓட விட்டுக் கணக்கிட்டு, சுவரின் படத்தோடு படமாகப் பூசிவிடுவது. 1996இல் 'குவேக்' இதைச் செய்து பெயர் வாங்கியது. கோட்டை அசைவதில்லை, சூரியனும் நகர வேண்டியதில்லை என்றால் ஒரு தடவை கணக்கிட்டால் போதும். ஓடும்போது செலவே இல்லை. அசைகின்ற ராஜிக்கும் அசுரனுக்கும் மட்டும் அந்தக் கணத்தில் நிழல் போட்டால் போதும். 'அன்ரியல் எஞ்சின் 4' என்ற மென்பொருளில்தான் ராஜி செய்யப்பட்டது. இந்த வசதிகளெல்லாம் அதில் ஆயத்தமாகவே உண்டு. 2015இல் எபிக் நிறுவனம் அதை இலவசமாக்கியது, கேம் விற்றுக் காசு வந்தால் ஒரு வரம்புக்கு மேல் 5 சதவீதம் கொடுத்தால் சரி என்று. அது நடந்திராவிட்டால் புனேயில் ஒரு சிறு குழு இந்த மாதிரி ஒரு கோட்டையை எழுப்பியிருக்கும் என்று நான் நம்பவில்லை.

இன்னொரு குறுக்குவழிதான் வம்பை விலைக்கு வாங்கியது. ராஜியில் கமெரா எட்டத்தில், உயரத்தில் நின்று பார்க்கும். ஆடுபவர் அதைத் தன் இஷ்டத்துக்குச் சுற்றித் திருப்ப முடியாது. செய்தவர்கள் வைத்த கோணம்தான். இதனால் கிடைக்கும் இலாபம் பெரியது. கமெராவுக்குத் தெரியாத பக்கத்தைக் கட்ட வேண்டியதில்லை. எந்த இடத்தில் எது தெரியும் என்று முன்பே தெரியுமாதலால் ஒவ்வொரு காட்சியையும் சித்திரம் போலத் தீட்டலாம். ஆழமான பள்ளத்தின் மேல் ஒரு சிறுமி, பின்னால் மலை அளவு சிலை, அதன் தோளில் வெயில். இப்படிப்பட்ட காட்சிகளைத்தான் விமர்சகர்கள் ஒரே குரலில் புகழ்ந்தார்கள்.

எங்கள் வீட்டில் இதை ஆடியவன் என் மருமகன். பாய்ந்து பிடித்து ஏற வேண்டிய ஓர் இடத்தில் நின்றுவிட்டான்.

"மாமா, அந்தத் தூண் கிட்டவோ எட்டவோ எண்டு விளங்குதில்லை. திரும்பத் திரும்ப விழுறன்."

"நிழலைப் பார்த்துப் பாய்."

"நிழல் எங்க கிடக்கு? கீழ முழுக்க இருட்டுத்தானே."

பெடியன் சொன்னதில் நியாயம் இருந்தது. இரண்டு கண்ணும் தரும் வித்தியாசத்தை வைத்துத்தான் நாம் கிட்டத்துத் தூரங்களை அளக்கிறோம். தட்டைத் திரையில் அது கிடையாது. தலையை ஆட்டினால் கிட்ட உள்ளது வேகமாகவும் எட்ட உள்ளது மெதுவாகவும் நகரும், அதுவும் ஒரு துப்பு. கமெராவைத் திருப்ப முடியாத கேமில் அந்தத் துப்பும் பெரும்பாலும் போய்விடுகிறது. மிஞ்சுவது நிழல். 1997இல் டானியல் கேர்ஸ்டன், பாஸ்கல் மாமாசியன், டேவிட் நில் ஆகியோர் காட்டிய ஒரு சோதனை உளவியல் வகுப்புகளில் இன்றைக்கும் ஓடுகிறது. ஒரு பெட்டி, அதற்குள் ஒரு பந்து மூலைவிட்டமாக நகர்கிறது. பந்து போகும் பாதை திரையில் அச்சு அசலாக அதேதான். நிழலின் பாதையை மட்டும் மாற்றுகிறார்கள். நிழல் பந்தோடு ஒட்டியே போனால் பந்து தரையில் உருண்டு பெட்டியின் உள்ளே எட்டப் போவதாகத் தெரியும். நிழல் கீழே கிடையாகப் போனால் பந்து முன்பக்கத்திலேயே நின்று மேலே எழும்புவதாகத் தெரியும். பார்ப்பவருக்குத் தெரியும் இது பொய்யென்று. தெரிந்தாலும் கண் கேட்காது. எங்கள் மூளை தூரத்தை நிழலிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறது.

கேம்காரர் சிலர் இந்த ஆய்வு வருமுன்னரே இதை அனுபவத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். 1996இல் வந்த 'சூப்பர் மாரியோ 64'இல் மாரியோவின் காலடியில் ஒரு கறுப்பு வட்டம் இருக்கும். சூரியன் எங்கே நின்றாலும், அவன் எவ்வளவு உயரம் பாய்ந்தாலும், வட்டம் அவனுக்கு நேர் கீழேயே. இயற்பியல்படி அது படு பிழை. ஆனால் எங்கே போய் விழுவோம் என்பதை அதைவிடத் தெளிவாக எதுவும் சொல்லாது. அழகான, சாய்ந்த, சரியான நிழல் ராஜிக்கு வாய்த்தது. மாரியோவின் அசிங்கமான கறுப்பு வட்டம் என் மருமகனுக்கு வாய்க்கவில்லை.

இருட்டை உண்மையிலேயே விரும்பியவர்கள் ராஜிக்கு மூன்று வருடம் முந்திய ஒரு கேமைத் தேடிப் பார்க்கலாம். 2017இல் ஹைதராபாத்தின் ஓகர் ஹெட் ஸ்டூடியோ வெளியிட்ட 'அசுரா'. அதில் நீங்கள் பாதி அசுரன். பழிவாங்கத் திரும்பி வந்தவன். கமெரா உச்சியிலிருந்து பார்க்கும். அங்கே சிக்கனம் வேறு இடத்தில். கோட்டைகளைக் கையால் கட்டவில்லை. ஒவ்வொரு முறை ஆடும்போதும் நிரல் புதிதாக அறைகளை அடுக்கிக்கொடுக்கும். 1980இல் வந்த 'ரோக்' என்ற பழைய கேமின் வழி இது. 'ரோக்'இல் ஒவ்வொரு தளத்தையும் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் அறையைத் தாறுமாறான அளவில் வைத்து, பிறகு நடைபாதைகளால் கோர்ப்பார்கள். ஆளில்லாத குழுவுக்கு அது வரப்பிரசாதம்: பத்து அறை வரைந்தால் ஆயிரம் கோட்டை கிடைக்கும். ஆனால் நாளை எந்த அறை எங்கே வரும் என்று தெரியாதபோது நிழலை முன்கூட்டியே சுவரில் பூச முடியாது. வெயில் தோளில் விழும் சிலையையும் அமைக்க முடியாது. இரண்டில் ஒன்றைத்தான் தெரிவுசெய்யலாம். எனக்கு ராஜியின் தெரிவுதான் பிடிக்கும். அசுராவின் தெரிவில் மூளை கூட.

புனேயில் பணம் ஏன் இல்லை என்ற கேள்விக்கு வருவோம். இந்தியாவில் கேம் செய்யத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. பெங்களூரில் துருவா இன்ரராக்டிவ் 1997இலேயே தொடங்கியது. யூபிசொஃப்ட் 2008இல் புனேக்கு வந்தது. வெளிநாட்டு நிறுவனங்களின் பெரிய கேம்களுக்கு மரமும் காரும் துப்பாக்கியும் கட்டடமும் இந்தியக் கணினிகளில் வரையப்பட்டன. கை பழகிவிட்டது. ஆனால் சொந்தக் கதையை நம்பிக் காசு போட ஆளில்லை. உள்ளூரில் எல்லாரும் ஆடுவது கைத்தொலைபேசியில், அதுவும் இலவசமாக.

நோடிங் ஹெட்ஸை 2017இல் சுருதி கோஷ், அவிச்சல் சிங், இயன் மோட் ஆகிய மூவர் தொடங்கினார்கள். அந்த ஆண்டின் இறுதியில் கிக்ஸ்டாட்டர் மூலம் பொதுமக்களிடம் பணம் திரட்டப் பார்த்தார்கள். அங்கே இலக்கை எட்டினால்தான் பணம் கைக்கு வரும், ஒரு ரூபாய் குறைந்தாலும் ஒன்றும் இல்லை. எட்டவில்லை. நிறுவனர் ஒருவர் தன் வீட்டை விற்று வேலையைத் தொடர வைத்தார். பின்னர் சூப்பர்.கொம் என்ற வெளியீட்டாளர் கைகொடுத்தார். இசைக்குக் கிரேக்கத்து லினோஸ் செலோஸ் வந்தார். இந்தியக் கதைக்கான இசை ஒரு கிரேக்கர் கைவழி வந்தது சிலருக்கு உறுத்தலாம். எனக்கு உறுத்தவில்லை, நன்றாகவே இருந்தது.

வரவேற்பு இரண்டாகப் பிளந்தது. கட்டடம், ஓவியம், இசை, பாவைக்கூத்து, இதுவரை திரையில் காணாத ஓர் உலகம் என்று ஒரு பக்கம். சண்டை சலிப்பு, அடி பட்டதா படவில்லையா என்று தெரியவில்லை, கமெரா எட்ட நிற்கிறது, கேம் சில மணித்தியாலங்களில் முடிந்துவிடுகிறது, முடிவும் அறுந்த பட்டம் போல அந்தரத்தில் நிற்கிறது என்று மறுபக்கம். இரண்டு தரப்பும் ஒரே முடிவுகளைப் பற்றித்தான் பேசுகின்றன என்பதை அந்த விமர்சனங்களில் அதிகம் காணவில்லை. எட்ட நிற்கும் கமெரா காட்சியைக் கொடுத்தது, சண்டையைக் கெடுத்தது. கையால் தீட்டிய ஒவ்வொரு முற்றமும் அழகைக் கொடுத்தது, நீளத்தைத் தின்றது. 2020 டிசம்பரில் 'த கேம் அவார்ட்ஸ்' விழாவில் சிறந்த அறிமுகக் கேம் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஐந்தில் ராஜியும் ஒன்று. பரிசு 'ஃபாஸ்மோஃபோபியா'வுக்குப் போனது. அது ஆவி தேடும் கேம். ஏறக்குறைய முழுவதும் இருட்டு வீட்டுக்குள் ரோர்ச் வெளிச்சத்தில் நடப்பது. இருட்டைக் குறைந்த செலவில் எப்படிப் பயமாக்குவது என்பதில் அதைச் செய்தவர் ராஜிக்காரரைவிடக் கெட்டிக்காரர் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இங்கே இலங்கையில் என்ன நிலை என்று கேட்பவர்களுக்கு: கொழும்பில் அரிமாக் நிறுவனம் 'காஞ்சாயுத' போன்ற முயற்சிகளைச் செய்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் 2012 முதல் யாழ் ஐரி ஹப் இளைஞர்களுக்குப் போட்டிகளும் பயிற்சிகளும் நடத்தி வருகிறது. அங்கே வரும் பிள்ளைகளில் கேம் செய்ய ஆசைப்படாதவர் குறைவு. தமிழர் கதைக்கு உலகமெங்கும் கைதட்டல் வாங்கிய கேம் 2023இல் ரொரன்றோவிலிருந்து வந்தது. விசை கேம்ஸ் செய்த 'வெண்பா'. 1980களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம், இட்லி, புட்டு, கிழிந்த சமையல் குறிப்புக் கொப்பி. மறுவருடம் பாஃப்டாவின் சிறந்த அறிமுகக் கேம் பரிசு அதற்குத்தான். அரக்கன் இல்லை, கோட்டை இல்லை, எல்லாம் தட்டைச் சித்திரம். நிழலை ஓவியர் தூரிகையால் இட்டுவிட்டார், கணினி ஒரு தடவைகூட விளக்கிடம் போய்க் கேள்வி கேட்கவில்லை. சிறு குழுவுக்குப் புத்தியான வழி அது. ஆனால் உடுவில் பெடியனுக்கு ஆசை அசுரனோடு சண்டை பிடிக்கத்தான். அவனைச் சமையலறைக்குள் அனுப்பி வைக்க என்னால் முடியவில்லை.

ராஜிக்காரர் விமர்சனத்தை வாசித்தார்கள். 2022இல் திருத்திய பதிப்பு வந்தது; முன்பு வாங்கியவர்களுக்கு இலவசம். அதில் ராஜியும் தெய்வங்களும் இந்தியில் பேசினார்கள், சண்டை முறைகள் செப்பனிடப்பட்டன. கமெரா மட்டும் பழையபடி உயரத்திலிருந்துதான் பார்த்தது. குரலை மாற்றலாம், அடியின் வேகத்தை மாற்றலாம். கமெராவைக் கீழே இறக்கித் திருப்பினால், யாரும் பார்க்க மாட்டார்கள் என்று கட்டாமல் விட்ட சுவர்களின் மறுபக்கத்தைக் கட்ட வேண்டும், அத்தனை முற்றத்துக்கும் நிழலைப் புதிதாகப் பூச வேண்டும். அது திருத்தமல்ல, இன்னொரு கேம்.